சனிக்கிழமை ஜாம், ஞாயிற்றுக்கிழமை நகம்

2025 ஜனவரி 1ஆம் தேதி ஜொகூர் மாநிலத்தின் வார இறுதி மீண்டும் சனி, ஞாயிற்றுக்கு மாறியது. அதற்கு முந்தைய 11 ஆண்டுகள், அதாவது 2014 தொடங்கி, அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. தனியார் நிறுவனங்கள் பலவும் பழையபடி ஞாயிற்றுக்கிழமைதான் அடைத்தன. அம்மா அரசு அலுவலகத்தில், அப்பா தொழிற்சாலையில், பிள்ளைகள் பள்ளியில் என்றிருந்த, ஜொகூரின் பொந்தியான் மாவட்டக் குடும்பங்களில் எல்லாரும் சேர்ந்தாற்போல் வீட்டில் இருக்கும் நாள் அரிதாகிப்போனது. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறவர் ஒருவர் இருந்துவிட்டால் சிக்கல் இன்னும் கூடுதல். இப்போது எல்லாருக்கும் அதே இரண்டு நாள்தான். அந்த இரண்டு நாளைக் கைவேலையில் செலவிடுவது எப்படி என்று சொல்வதே இந்த அத்தியாயம்.

பொழுதுபோக்கு என்றதும் பலரும் முதலில் பொருள் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். நாற்பது நிற நகப்பூச்சுப் பெட்டி, பூ வடிவ அச்சுகள், பசைத் துப்பாக்கி என்று ஆன்லைனில் வாங்கிக் குவித்தபின், பெட்டி வந்த நாளில் இருந்த வேகம் மூன்றாவது வாரத்தில் இருப்பதில்லை. பொந்தியான்காரர்களுக்கு இதைவிட நல்ல வழி கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. இந்த மாவட்டத்தில் அன்னாசியும் தென்னையும் தாராளமாக விளைகின்றன. மருதாணிச் செடி பல வீட்டு வாசல்களில் நிற்கிறது. இந்த மூன்றை வைத்தே ஒரு வார இறுதியை நிறைவாகக் கழித்துவிடலாம்: சனிக்கிழமை அன்னாசி ஜாம், ஞாயிறு காலை அந்த ஜாமை மாவுக்குள் வைத்துச் சுடும் ‘தார்ட்’, அது ஓவனில் வேகும் நேரத்தில் நாரிலும் ஓலையிலும் கைவேலை, பாத்திரமெல்லாம் கழுவி ஓய்ந்தபின் நகம். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. போகப் போகத் தெரியும்.

பெக்கான் நெனாஸ் பழம்

பொந்தியானிலிருந்து ஜொகூர் பாரு போகும் சாலையில் பெக்கான் நெனாஸ் வருகிறது. அன்னாசியைப் பெயரிலேயே வைத்திருக்கும் ஊர். அன்னாசிக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் அங்கே இருக்கிறது. மலேசியாவில் அன்னாசி அதிகம் விளைவது ஜொகூரில். அதற்கு இந்த மண்தான் காரணம். இலையும் தழையும் மரவேரும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தண்ணீரில் ஊறிப் படிந்த கறுப்புச் சதுப்பு மண்ணை இங்கே ‘பீட்’ என்கிறார்கள். புளிப்புத்தன்மை மிகுந்த அந்த மண்ணில் பல பயிர்கள் திணறும். அன்னாசி அதைத் தாங்கிக்கொள்ளும். தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இந்தச் செடி போர்த்துக்கீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆசியாவுக்கு வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜொகூர் ரப்பர் தோட்டங்களில் இளமரங்களுக்கு நடுவே இது ஊடுபயிராக நின்றது. ரப்பர் பால் தருவதற்கு ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதுவரை செலவுக்குக் கைகொடுத்தது அன்னாசிதான். 1957இல் இதற்கென ஒரு தேசிய வாரியமே அமைக்கப்பட்டது.

கடையில் பழம் வாங்கும்போது எல்லா அன்னாசியும் ஒன்றல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஜோசபின் என்பது வேளாண் ஆய்வு நிறுவனமான மார்டி 1996இல் வெளியிட்ட வகை. சிறிய பழம், செம்மை படர்ந்த தோல், நல்ல இனிப்பு. இப்போது கடைகளில் அதிகம் கண்ணில் படும் எம்.டி.2 சாறு மிகுந்தது, வெட்டித் தின்ன அருமையானது. ஜாமுக்கு வேண்டியதோ சாறு குறைந்து, நார் கொஞ்சம் தெரிந்து, புளிப்பும் உள்ள பழம். மோரிஸ் வகை இதற்குப் பொருந்தும். பழுத்துக் கனிந்ததைவிட, தோலில் பாதி மஞ்சள் ஏறிய பழம் நல்லது. சதை கெட்டியாக இருக்கும், வற்றும் நேரமும் குறையும். சாலையோரக் கடையில் பழம் விற்பவரிடம் “ஜாம் கிண்ட” என்று சொல்லிக் கேட்டால் அவரே பார்த்து எடுத்துத் தருவார்.

ஜாம் கிண்டுதல்

தோல் சீவிக் கண்களை நீக்கியபின் ஒன்றரைக் கிலோ சதை இருந்தால் ஏறத்தாழ 80 தார்ட்டுக்குப் போதும். அதற்குச் சீனி 300 கிராம், ஒரு துண்டு பட்டை, நான்கு கிராம்பு, ஓர் அன்னாசிப்பூ. பழம் நல்ல இனிப்பாக இருந்தால் சீனியை 250 கிராமாகக் குறைத்துக்கொள்ளலாம்.

சதையை மிக்சியில் அடித்தால் வேலை ஐந்து நிமிடத்தில் முடியும். ஆனால் நார் பொடிந்து, ஜாம் களி மாதிரி ஆகிவிடும். தேங்காய் துருவுவதுபோல் துருவியில் துருவினால்தான் கடிக்கும்போது அன்னாசியின் இழை பல்லில் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் சோம்பல் கூடாது. துருவும்போது கையுறை போட்டுக்கொள்வது நல்லது. அன்னாசியில் உள்ள புரோமலின் என்ற நொதி புரதத்தைச் சிதைக்கும். பழம் நிறையத் தின்றால் நாக்கு எரிவதற்கு அதுவும் ஒரு காரணம். அரைமணி நேரம் துருவுகிற கைக்கும் அதே எரிச்சல் வரும். நகக்கண்ணில் சிறு வெட்டு இருந்தால் சொல்லவே வேண்டாம்.

துருவிய சதையை வடிதட்டில் போட்டு லேசாக அழுத்திச் சாற்றை வடிக்க வேண்டும். ஒட்டப் பிழியக் கூடாது. மணம் சாற்றில்தான் இருக்கிறது. வடிந்த சாற்றைக் குளிரவைத்துக் குடிக்கலாம். பிறகு அடிகனமான, அகலமான சட்டி. புளிப்புப் பண்டம் என்பதால் அலுமினியச் சட்டியும் இரும்புச் சட்டியும் ஆகாது. எவர்சில்வர் அல்லது ஒட்டாத சட்டி சரி. சதையையும் பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூவையும் போட்டு நடுத்தரத் தீயில் வைத்துத் தண்ணீர் வற்றும்வரை சீனி சேர்க்காமலே கிளற வேண்டும். சீனியை முதலிலேயே கொட்டுவதுதான் புதிதாகச் செய்பவர்கள் வழக்கமாகச் செய்வது. அப்போது சாறும் சீனியும் பாகாகி, உள்ளே ஈரம் இருக்கும்போதே நிறம் கறுத்து அடிபிடிக்கத் தொடங்கிவிடும். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால் சட்டியின் அடி தெரிந்து, அந்தக் கோட்டில் சாறு வந்து நிரம்பாமல் இருக்கும் நேரம்தான் சீனி போடும் நேரம். சீனி விழுந்ததும் மறுபடி இளகும், பயப்பட வேண்டியதில்லை. தீயைக் குறைத்து, பொன்னிறம் தாண்டிச் செம்பழுப்பு வரும்வரை கிளறினால் ஒரே திரளாகச் சுருண்டு வரும். மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அல்வா கிண்டிய கைக்கு இது புதிதல்ல.

ஆறியபின் உருட்டிப் பார்த்தால் உருண்டை தட்டில் சப்பையாகாமல் நிற்க வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் வேகும்போது கொதித்து மாவைப் பிளந்துகொண்டு வெளியே வரும். டப்பாவில் வைத்த பிறகு பூஞ்சை பிடிப்பதும் இதனால்தான். ஜாமை 8 கிராம் உருண்டைகளாக உருட்டிக் குளிர்பெட்டியில் வைப்பதோடு சனிக்கிழமை வேலை முடிகிறது. எடை பார்க்க ஒரு சிறிய மின்தராசு இருந்தால் போதும். பொழுதுபோக்குக்கென்று வாங்கும் கருவிகளில் உண்மையில் பணம் போடத் தகுந்தது அதுதான். கண்மதிப்பில் உருட்டினால் பெரியது வேகாமலும் சிறியது கருகியும் போகும்.

ஞாயிறு காலை மாவு

மாவுக்கு 350 கிராம் வெண்ணெய், 100 கிராம் கெட்டிப்பால், இரண்டு முட்டையின் மஞ்சள்கரு, 510 கிராம் கோதுமை மைதா. மலேசிய வீடுகளில் புழங்கும் அளவு இது. டின்னில் வரும் கோல்டன் சர்ன் வெண்ணெய்க்குத்தான் இங்கே மவுசு. அதில் உப்பு இருப்பதால் தனியாக உப்பு சேர்க்கத் தேவையில்லை. வெண்ணெயையும் கெட்டிப்பாலையும் நுரைக்க அடிக்காமல், நிறம் சற்று வெளுக்கும்வரை கலந்தால் போதும். அதிகம் அடித்தால் காற்று ஏறி, தார்ட் எடுத்ததும் உதிரும். மஞ்சள்கரு சேர்த்து, சலித்த மாவை மூன்று தடவையாகப் போட்டு விரல் நுனியால் சேர்க்க வேண்டும். சப்பாத்தி மாவு பிசைவதுபோல் அழுத்திப் பிசையக் கூடாது.

இங்கே பொந்தியானின் வெயிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆசியப் பெருநிலத்தின் தென்முனையான தஞ்சோங் பியாய் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கும் இந்த ஊருக்கும் இடையே ஒன்றரைப் பாகைதான். குளிர்மாதம் என்று ஒன்று கிடையாது. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். பிற்பகல் இரண்டு மணிக்குத் துத்தநாகக் கூரை போட்ட கம்பத்து வீட்டுச் சமையலறையில் அந்த வெப்பம் எளிதாக வந்துவிடும். குளிர்நாட்டுக் காணொளி பார்த்து “வெண்ணெயை அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைக்கவும்” என்ற குறிப்பை இங்கே அப்படியே பின்பற்றினால் நெய்தான் மிஞ்சும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிடத்தில், விரல் அழுத்தினால் தடம் பதியும் பதத்தில் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். காலை ஏழு மணி உகந்த நேரம். மழை பெய்து ஓய்ந்த மாலையும் சரிதான். பிசைந்த மாவு கையில் ஒட்டினால் மேலும் மாவு தூவுவதற்குப் பதில் அரைமணி நேரம் குளிரவைப்பது நல்லது. மாவு கூடினால் தார்ட் வரட்டியாகிவிடும்.

12 கிராம் மாவை உள்ளங்கையில் தட்டி, நடுவில் ஜாம் உருண்டையை வைத்து மூடி உருட்டி, மேலே மஞ்சள்கரு பூசி 165 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம். ஒவ்வோர் ஓவனும் ஒவ்வொரு விதம். முதல் தட்டில் ஆறு மட்டும் வைத்து வெள்ளோட்டம் பார்ப்பது புத்திசாலித்தனம். உச்சியில் ஒரு கிராம்பு குத்தினால் குட்டி அன்னாசி மாதிரியே இருக்கும். பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டிய வேலை இதுதான். வெந்ததும் உடனே தட்டிலிருந்து எடுத்தால் உடையும். பத்து நிமிடம் ஆறவிட்டு எடுத்து, சூடு முழுதும் போனபின் டப்பாவில் அடுக்க வேண்டும். இந்த ஊரின் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் மூடி இறுக்கமில்லாத டப்பாவில் மூன்றே நாளில் நமுத்துவிடும். தீபாவளிக்கு முறுக்கும் அச்சு முறுக்கும் அடைத்துவைக்கும் சிவப்பு மூடி டப்பா இதற்கும் ஏற்றது. மூடியைச் சுற்றி ஒட்டுநாடா சுற்றிவிட்டால் இன்னும் பத்திரம்.

சைவ வீடுகளில் முட்டை ஒரு தடையாக நிற்கும். அதற்கு விடை 1837இலேயே கிடைத்துவிட்டது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் மருந்துக் கடை வைத்திருந்த ஆல்ஃபிரட் பேர்ட் என்பவரின் மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. மனைவிக்காக அவர் சோளமாவை வைத்து முட்டையில்லாத கஸ்டர்ட் தூளைச் செய்தார். அவளுக்கு ஈஸ்ட்டும் ஆகாது என்பதால் 1843இல் பேக்கிங் பவுடரையும் செய்தார். ஒரு மனிதர் தன் வீட்டுச் சமையலறைக்காகச் செய்தது இரண்டும் இன்று உலகமெங்கும் போயிருக்கிறது. மேலே சொன்ன மாவில் மஞ்சள்கருவுக்குப் பதில் இரண்டு மேசைக்கரண்டி கஸ்டர்ட் தூளும் இரண்டு மேசைக்கரண்டி பாலும் சேர்த்தால் நிறமும் கரகரப்பும் வரும். மேலே பால் பூசலாம். முட்டையின் மினுமினுப்பு மட்டும் வராது.

2020 மார்ச் 18இல் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது நாடு முழுக்க வீட்டு ஓவன்கள் சூடாயின. அப்போது கற்றுக்கொண்டவர்களில் பலர் இன்றும் சீனப் பெருநாள், நோன்புப் பெருநாள், தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று வரிசையாக ஆர்டர் எடுக்கிறார்கள். அன்னாசி தார்ட்டுக்கு இந்த நான்கு பண்டிகையிலும் இடம் உண்டு என்பது இதன் பெரிய பலம். ஆனால் அண்டை வீட்டுக்குக் கொடுப்பது வேறு, காசுக்கு விற்பது வேறு. மலேசியாவில் 2009ஆம் ஆண்டின் உணவுத் தூய்மை விதிகள்படி விற்பனைக்கு உணவு தயாரிப்பவர் உணவு கையாளும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். இரண்டும் எளிதில் முடிகிற காரியம். விலை வைக்கும்போது வெண்ணெய், பழம், கேஸ் கணக்கோடு ஜாம் கிண்டிய நேரத்தையும் சேர்க்காவிட்டால் பொழுதுபோக்கு சுமையாகிவிடும். வீட்டில் விற்பவர்கள் தங்கள் உழைப்பை இனாமாகக் கொடுத்துவிடுவது வெகு சாதாரணமாக நடக்கிறது. அது நியாயமே இல்லை.

ஓவனுக்குக் காத்திருக்கும் நேரம்

எண்பது தார்ட்டும் ஒரே தட்டில் வேகாது. நான்கு தட்டு என்றால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் சமையலறைப் பக்கமே இருக்க வேண்டும். கைவேலைக்கு ஏற்ற நேரம் அது.

அன்னாசி வாங்கும்போது தோட்டக்காரரிடம் சொல்லி அறுவடை முடிந்த செடியின் முதிர்ந்த இலைகள் பத்துப் பன்னிரண்டு வாங்கிவரலாம். அவருக்கு அது கழிவுதான். பிலிப்பீன்ஸின் அக்லான் மாகாணத்தில் இதே இலையின் நாரில்தான் ‘பிஞ்ஞா’ என்னும் மெல்லிய துணியை நெய்கிறார்கள். அந்தக் கைத்தறிக் கலையை யுனெஸ்கோ 2023இல் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்கே நார் உரிப்பதற்கு எந்திரம் தேடுவதில்லை. உடைந்த பீங்கான் தட்டின் விளிம்பால் இலையின் பச்சைச் சதையைச் சுரண்டுகிறார்கள், பிறகு உள்நாருக்குத் தேங்காய்ச் சிரட்டை.

வீட்டில் இதையே சின்ன அளவில் செய்யலாம். உடைந்த பீங்கான் பிள்ளைகளிடம் வேண்டாம். மொட்டையான எவர்சில்வர் கரண்டியின் விளிம்பு போதும். இலையின் முள்ளோரத்தைக் கத்தரித்து, பலகைமேல் கிடத்தி, அடியிலிருந்து நுனி நோக்கி ஒரே திசையில் அழுத்தி இழுக்க வேண்டும். முதலில் பச்சைச் சாறும் வழுவழுப்பும் கசியும். ஐந்தாறு இழுப்பில் அதனடியில் வெள்ளையாக, பட்டுநூல் மாதிரி இழைகள் வரிசையாகத் தெரியத் தொடங்கும். அந்தக் கணத்தைப் பார்க்காத பிள்ளைக்கு ‘இலையிலிருந்து நூல்’ என்று எவ்வளவு விளக்கினாலும் புரியாது. இழைகளை விரலால் பிரித்து எடுத்து, தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். ஒரு கிலோ பச்சை இலையில் 20, 30 கிராம் நார் கிடைத்தால் அதிகம். ஆனால் அவ்வளவே ஒரு வார இறுதிக்குப் போதும்.

வாழைநாரில் பூக்கட்டிப் பழகிய கைக்கு இந்த நார் உடனே வசப்படும். ஈரப்படுத்திய இழைகள் இரண்டைத் தனித்தனியாக ஒரே பக்கம் முறுக்கி, பின் இரண்டையும் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்கினால் அவிழாத கயிறாகிறது. அந்தக் கயிற்றில் மணி கோத்தால் கைவளை, மூன்று புரியாகப் பின்னினால் புத்தகக் குறி. தார்ட் டப்பாவின் கழுத்தில் பெயர்ச்சீட்டு கட்டவும் இதுவே நல்ல கயிறு. அன்னாசிப் பண்டத்தை அன்னாசி நாரில் கட்டிக் கொடுக்கும்போது வாங்குகிறவர் நின்று கேட்பார்.

நார் உரிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்குத் தென்னை இருக்கிறது. பொந்தியான் கடற்கரைக் கம்பங்களில் குருத்தோலைக்குப் பஞ்சமில்லை. கோயில் திருவிழாவுக்குத் தோரணம் மடிக்கத் தெரிந்த தாத்தா ஒவ்வோர் ஊரிலும் ஒருவராவது இருப்பார். கெத்துப்பாட் ஓலைக்கூடு பின்னத் தெரிந்த மலாய்க்கார மக்சிக் அடுத்த வீட்டிலேயே இருக்கலாம். இந்த இரண்டையும் காணொளியில் கற்பதைவிட ஆள் பக்கத்தில் உட்கார்ந்து கற்பது பத்து மடங்கு வேகம், ஏனென்றால் ஓலை எந்த இடத்தில் இறுக வேண்டும் என்பதைக் கைதான் சொல்லிக்கொடுக்கும்.

தீபாவளி நெருங்கும் மாதமாக இருந்தால் அரிசிக் கோலத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். மலேசியப் பேரங்காடிகளின் கூடங்களில் சாயமேற்றிய பச்சரிசியில் பெரிய பெரிய கோலங்கள் போடுவது இந்த நாட்டுத் தீபாவளியின் தனி அடையாளமாகிவிட்டது. ஒரு கிலோ நொறுக்கரிசியில் உணவுச் சாயம் ஒரு தேக்கரண்டியும் வினிகர் ஒரு மேசைக்கரண்டியும் விட்டு, ஞெகிழிப் பையில் போட்டுக் குலுக்கி, செய்தித்தாளில் பரப்பி விசிறிக்கடியில் உலர்த்தினால் நிறம் கையில் ஒட்டாது. தரையில் போட்டால் எறும்பும் பூனையும் விடாது. பழைய பலகையில் வெள்ளைப் பசை தடவி அதன்மேல் தூவினால் சுவரில் மாட்டிவைக்கலாம்.

கடைசியில் நகம்

நகத்தைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் இரண்டு. நகம் தண்ணீரை உறிஞ்சி லேசாக உப்பும், காயும்போது சுருங்கும். பாத்திரம் கழுவிய கையோடு பூச்சு அடித்தால், நகம் சுருங்கும்போது மேலே உள்ள பூச்சு விரிசல்விட்டு மறுநாளே உரியும். ஆகவே கழுவி முடித்து ஒரு மணி நேரமாவது போக வேண்டும். வெண்ணெய் பிசைந்த எண்ணெய்ப்பசையும் நகத்தில் இருக்கும். பஞ்சில் அசிட்டோன் தொட்டு ஒரு தடவை துடைத்தால்தான் பூச்சு பிடிக்கும். இரண்டாவது காரணம் தீ. அசிட்டோன் சட்டென்று பற்றிக்கொள்ளும் திரவம். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தாழ்வாகப் பரவிச் செல்லும். அடுப்போ ஓவனோ எரியும் அறையில் அதன் மூடியைத் திறக்கவே கூடாது.

மலேசியத் தமிழ் வீடுகளில் நகப்பூச்சை இன்றும் ‘கியூடெக்ஸ்’ என்பார்கள். அது 1917இல் திரவ நகப்பூச்சை விற்பனைக்குக் கொண்டுவந்த அமெரிக்க வணிகப் பெயர். உள்ளே இருப்பது கார் வண்ணப்பூச்சின் உறவுக்காரர்: நைட்ரோசெல்லுலோஸ் என்னும் பொருளை வேகமாக ஆவியாகும் திரவத்தில் கரைத்திருப்பார்கள். திரவம் பறந்துபோக, மெல்லிய படலம் நகத்தில் தங்கும். இதைத் தெரிந்துகொண்டால் பூசும் முறையும் விளங்கிவிடும். தடிமனாக ஒரே பூச்சு அடித்தால் மேல்பரப்பு முதலில் காய்ந்து, அடியில் உள்ள திரவம் வெளியேற வழியில்லாமல் குமிழ் விடும். அடிப்பூச்சு, நிறம் இரண்டு மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே மூன்று நிமிடம், கடைசியில் நகத்தின் நுனிவிளிம்பையும் மூடி மேல்பூச்சு. விசிறியைக் கழுத்துப் பக்கம் திருப்பிவைப்பது நல்லது. கைமேல் நேராக அடிக்கும் காற்று தூசியைக் கொண்டுவந்து ஒட்டிவிடும்.

அலங்காரத்துக்குத் தனித்தூரிகை வாங்கத் தேவையில்லை. ஹேர்பின்னின் உருண்டை முனையைப் பூச்சில் தொட்டு வைத்தால் ஒரே அளவான புள்ளி விழும். கோலம் போடத் தெரிந்தவருக்குப் புள்ளிதானே எல்லாம். கட்டைவிரல் நகத்தில் 2, 3, 2 என்று ஏழு புள்ளி வைத்து, பல்குத்தியின் நுனியால் சுற்றிவளைத்தால் குட்டிச் சிக்குக்கோலம். கருநீல நகத்தில் வெள்ளைக் கோலம் எடுப்பாக இருக்கும். வலக்கையால் இடக்கைக்குப் போடுவது எளிது. மறுகைக்கு வீட்டில் இன்னொருவர் வேண்டும். அக்காவும் தங்கையும் மாறி மாறிப் போட்டுக்கொள்ளும் அந்த அரைமணி நேரத்துக்காகவே இதைச் செய்யலாம்.

மருதாணி இதற்கெல்லாம் மூத்தது. தமிழ்ப் பெண்களுக்கும், ‘பெரினாய்’ சடங்கில் விரல்நுனி சிவக்க உட்காரும் மலாய் மணப்பெண்களுக்கும் இது பொதுச் சொத்து. பச்சை இலையைக் கொஞ்சம் புளியோ எலுமிச்சைச் சாறோ விட்டு மைய அரைக்க வேண்டும். இலையிலுள்ள லாசோன் என்ற நிறப்பொருள் புளிப்பில் நன்றாக வெளிவரும். தோலிலும் நகத்திலும் இருக்கும் கெரட்டின் புரதத்தைப் பற்றிக்கொள்ளும். இரவு முழுக்க வைத்திருந்து காலையில் உதிர்த்தால் முதலில் ஆரஞ்சாகத்தான் இருக்கும். ஓரிரு நாளில் செம்பழுப்பாக இறுகும். தோலில் பிடித்தது இரண்டு வாரத்துக்குள் மங்கிவிடும், நகத்தில் பிடித்தது அழியாது. கைநகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளர்வதால், முழுதும் வளர்ந்து வெட்டப்பட ஆறு மாதம்கூட ஆகலாம். பள்ளிக்கூடமோ மருத்துவமனையோ நகச்சாயத்துக்குக் கண்டிப்பு காட்டும் இடத்தில் இருப்பவர்கள் இதை முன்கூட்டியே நினைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு பொருளை மட்டும் வீட்டுக்குள் விடாமல் இருப்பது நல்லது. ஒன்று, அரைமணி நேரத்தில் கறுப்பாகப் பிடிக்கும் ‘கறுப்பு மருதாணி’. இயற்கை மருதாணி கறுப்பாகப் பிடிக்காது. அந்தக் கறுப்பைத் தருவது பெரும்பாலும் தலைச்சாயத்தில் போடும் பி.பி.டி. என்ற வேதிப்பொருள். தோலில் நேரடியாகத் தடவினால் கொப்புளமும் ஆறாத தழும்பும் வரலாம். அதன் ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்கத் தலைச்சாயமே போட முடியாமல் போகலாம்.

இன்னொன்று, விளக்கொளியில் இறுகும் ஜெல் நகப்பூச்சு வீட்டுப் பெட்டி. அதிலுள்ள அக்ரிலேட் வகைப் பொருள்கள் சரியாக இறுகாமல் தோலில் பட்டால் ஒவ்வாமை வரும் என்று பிரிட்டிஷ் தோல்நோய் மருத்துவர் சங்கம் 2018இலேயே எச்சரித்தது. பிற்காலத்தில் பல் அடைக்கப் பயன்படும் பொருளே ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதுதான் இதில் கவலை தருவது. ஜெல்லில் சேர்க்கும் டி.பி.ஓ. என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் முதல் தடை செய்துவிட்டது. விரல் அரித்தாலோ நகத்தைச் சுற்றி வெடித்தாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஜெல் போட்டே ஆக வேண்டும் என்றால் பயிற்சி பெற்றவரிடம் போவது பாதுகாப்பு.

சாதாரணப் பூச்சை ஞாயிறு இரவே எடுக்க வேண்டிய மாணவிகள் பஞ்சை அசிட்டோனில் நனைத்து, நகத்தின்மேல் பத்து விநாடி அழுத்திப் பிடித்து, நுனிப்பக்கமாக ஒரே இழுப்பில் துடைக்க வேண்டும். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் நிறம் நகக்கண்ணுக்குள் இறங்கிவிடும். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வறண்ட நகத்துக்கு ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய். அசிட்டோன் புட்டியை மூடி இறுக்கி, சமையலறைக்கு வெளியே, சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத அலமாரியில் வைத்துவிட வேண்டும்.